நேயர்களுக்காகப் பொறுத்துக்கொள்வதா?

சிலாபத்துக்குத் தெற்கே கடலோரக் கிராமமான இரணவிலவில் வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலி தன் ஒலிபரப்பு அஞ்சல் நிலையத்தைக் கட்ட முற்பட்டபோது, அங்கிருந்த கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள் வீதிக்கு இறங்கின. நிலம் கைவிட்டுப் போகும், கடற்றொழில் கெடும், இத்தனை வலுவான அலைபரப்பிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்றெல்லாம் 1990களில் அவர்கள் கேட்டார்கள். நிலையம் எழுந்தது. சிற்றலையில் பல நாடுகளுக்கு அங்கிருந்து செய்தி போனது. பிறகு அதன் காலமும் முடிந்து, கொரோனா நாட்களில் அந்த வளாகம் நோயாளருக்கான சிகிச்சை நிலையமாயிற்று. ஊராரின் அச்சங்களில் எது சரி, எது மிகை என்று வாதிடலாம். அவர்கள் எழுப்பிய கேள்வியை மட்டும் ஒதுக்க முடியாது. தூரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு குரல் நன்மை செய்கிறது என்பதற்காக, அது புறப்படும் இடத்தில் இருப்பவர்கள் வாயை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தாங்க வேண்டுமா?

வானொலிக் கலையகத்துக்குள்ளும் இந்தக் கேள்வி கிடக்கிறது. மேலதிகாரியின் ஏச்சு, ஆளுக்கொரு நீதி, இரவு நேரத் தொலைபேசி அழைப்பு, ‘உன்னை எடுத்துவிட்டால் வாசலில் நூறு பேர்’ என்ற மிரட்டல். இவை நடக்கும் நிலையத்தில் ஒருவர் தொடர்ந்து வேலை செய்வது சரியா? விட்டுவிட்டுப் போவது சரியா? பேசுவது யாருடைய கடமை?

இரணவில இருக்கும் புத்தளம் மாவட்டக் கரையில் வானொலி வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. கடலுக்குப் போகுமுன் காற்றும் மழையும் எப்படி என்று கேட்டவர்கள் உடப்பிலும் கற்பிட்டியிலும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினர் இந்த மாவட்டத்தில்தான் ஓலைக்கொட்டில்களில் வாழ்க்கையைத் திரும்பத் தொடங்கினார்கள். ஊர்ச் செய்திக்கு அவர்கள் காது கொடுத்த வழிகளில் வானொலியும் ஒன்று. அப்படிக் கேட்டு வளர்ந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி அறிவிப்பாளராக வேண்டும் என்று கொழும்புக்கு பஸ் ஏறினால், அவள் சம்பளத்தை மட்டும் எண்ணி ஏறவில்லை. தன் குரல் உம்மாவின் குசினி வரைக்கும் வரும் என்ற ஆசையும் கூடப் போகிறது.

அந்த ஆசைதான் பிடி. கெட்ட முகாமையாளர் பிடிப்பது அதைத்தான். நிகழ்ச்சிப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவேன் என்று சொன்னால் போதும். ஊரே கேட்கும் காலை நிகழ்ச்சியிலிருந்து நள்ளிரவுக்கு மாற்றினால் போதும். சம்பளத்தில் ஒரு ரூபாய் குறையாது, ஆனால் மனிதர் குன்றிப்போவார். இலங்கையில் தமிழ் வானொலி என்பது சிறிய உலகம். நிலையங்கள் பெரும்பாலும் கொழும்பில், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ‘அது பிரச்சினை பிடிச்ச ஆள்’ என்று ஓரிடத்தில் சொன்னால் மற்ற இடத்துக் கதவும் சாத்திக்கொள்ளும். ஆகவே ‘பிடிக்காவிட்டால் விட்டுப் போகலாமே’ என்று வெளியிலிருந்து சொல்வது சுலபம். போக வேறு இடம் இருப்பவருக்குத்தான் அது யோசனை.

கலையகத்தில் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒரு பொத்தானை அழுத்திப் பேசினால், அறிவிப்பாளரின் காதில் மாட்டியிருக்கும் ஹெட்போனில் மட்டும் அது கேட்கும். நேயர்களுக்குக் கேட்காது. ‘இன்னும் முப்பது விநாடி’, ‘செய்தி தயார்’ என்று சொல்வதற்காக வைத்தது. பாட்டு ஓடும் மூன்று நிமிடத்தில் அதே பொத்தானை அழுத்தி ஒருவரை நாய் பேய் என்று ஏசவும் முடியும். பாட்டு முடிகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. ஏச்சு வாங்கியவர் சிரித்த குரலில் நேயர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். அடுப்படியில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது. எந்தத் தொழிலிலும் அவமானம் உண்டு. ஆனால் அவமானப்பட்ட அடுத்த கணமே மகிழ்ச்சியைத் தயாரித்துக் கொடுக்கச் சொல்லும் தொழில்கள் அதிகம் இல்லை.

இதற்கு மறுபக்கம் ஒன்று சொல்லப்படுகிறது, அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பழைய இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கண்டிப்பில் உருவானவர்கள், உச்சரிப்பு பிசகினால் திட்டு விழுந்தது, அதனால்தான் கடல் கடந்தும் அந்தக் குரல்களை மதித்தார்கள் என்பது அந்த வாதம். கண்டிப்பு தேவை என்பது உண்மை. லகர, ளகர, ழகரத்தைத் திருத்தாத தயாரிப்பாளர் அறிவிப்பாளருக்கும் மொழிக்கும் நன்மை செய்யவில்லை. ஆனால் திருத்துபவருக்குச் சொல்லின் மேல் கண்; கேலி செய்பவருக்கு ஆளின் மேல் கண். புத்தளத்துப் பேச்சோடு வந்த ஒருவரிடம் ‘இந்தச் சொல்லை இப்படிச் சொல்லு’ என்பது பயிற்சி. ‘உங்க ஊர் ஆளுக்கெல்லாம் மைக் எதற்கு’ என்பது பயிற்சி அல்ல. முதலாவதைக் கேட்டவர் அடுத்த நாள் நன்றாகப் பேசுவார். இரண்டாவதைக் கேட்டவர் பயந்து பேசுவார், அந்தப் பயம் குரலில் தெரியும்.

கெட்டிக்காரரின் குற்றத்தைச் சகிக்கலாம் என்ற வாதமும் உண்டு. கனடாவின் சீபீசீ வானொலியில் ‘கியூ’ என்ற புகழ்பெற்ற நிகழ்ச்சியை நடத்திய ஜியான் கொமேஷியை நிறுவனம் 2014 ஒக்டோபரில் நீக்கியது. அடுத்த ஆண்டு வெளிவந்த விசாரணை அறிக்கை, அவர் சக ஊழியர்களை நடத்திய விதத்தைப் பற்றி முகாமையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தும் உரிய நடவடிக்கை எடுக்கவில்லை என்று கண்டது. நீதிமன்றத்தில் 2016 மார்ச்சில் அவர் அப்போது விசாரிக்கப்பட்ட பாலியல் குற்றச்சாட்டுகளிலிருந்து விடுதலையானார். அது சட்டத்தின் கணக்கு. வேலைத்தலத்தில் பலர் ஆண்டுக்கணக்காக அஞ்சி நடந்தார்களே, அதற்குப் பொறுப்பு அந்த ஒருவரோடு முடிந்துவிடாது. அறிந்தும் அமைதியாக இருந்தவர்கள் அனைவருக்கும் அதில் பங்குண்டு.

பேசினால் என்ன ஆகும் என்பதையும் மறைக்கக் கூடாது. மத்தியப் பிரதேசத்தில் ஷாடோல் அகில இந்திய வானொலி நிலையத்தில் தற்காலிகமாக வேலை செய்த ஒன்பது பெண்கள் ஓர் அதிகாரி மீது பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார்கள். உள்விசாரணைக் குழு அவர் குற்றவாளி என்றது. 2018இல் செய்தி வெளிவந்தபோது நாடு கண்டது இது: அதிகாரிக்கு இடமாற்றம், பெண்கள் ஒன்பது பேருக்கும் வேலை இல்லை. 2021 ஜூனில் இலங்கைப் பெண் ஊடகவியலாளர் சிலர் தங்களுக்குச் செய்தி அறைகளில் நேர்ந்த பாலியல் தொல்லைகளை ட்விட்டரில் எழுதினார்கள். பல ஆண்டு கழித்து எழுதியவர்களைப் பார்த்து ‘ஏன் அப்போதே சொல்லவில்லை’ என்று கேட்டால், அதற்கு விடை ஷாடோலில் இருக்கிறது.

அதனால்தான் ‘பாதிக்கப்பட்டவர் துணிந்து பேச வேண்டும்’ என்ற உபதேசத்தை ஏற்க முடியவில்லை. நியாயம் கேட்கும் சுமையை ஆகப் பலவீனமான தோளில் ஏற்றுகிறது அது. உடப்புக் கரையில் கரைவலை இழுக்கும்போது இரண்டு பக்கக் கம்பாக் கயிற்றையும் சேர்ந்து இழுக்க வேண்டும். ஒரு பக்கத்தில் ஒருவரை மட்டும் விட்டால் வலை வராது, அந்த ஆள்தான் கடலுக்குள் போவார். நிலையத்தில் நிரந்தர நியமனம் உள்ளவர், இருபது வருட அனுபவம் உள்ளவர், பெயர் போனதால் நீக்க முடியாதவர், இவர்களுக்குத்தான் முதலில் வாய் திறக்கும் கடமை. அவர்கள் இழப்பது ஒரு பதவி உயர்வாக இருக்கலாம். பகுதிநேர அறிவிப்பாளர் இழப்பது அடுத்த மாத வாடகை.

பேசாமல் விலகிப் போனவரைக் கோழை என்பதும் தவறு. நேயர்களுக்கு அவர் நல்ல நிகழ்ச்சியைக் கடன்பட்டிருந்தார். தன் உடல்நலத்தையும் நித்திரையையும் யாருக்கும் கடன்படவில்லை.

இலங்கைச் சட்டம் கொஞ்சம் உதவும். பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்ட வேண்டும். தற்காலிக ஊழியர் என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது. இருக்கவே முடியாத நிலையை உண்டாக்கி ஒருவரை விலக வைத்தால், அதுவும் வேலைநீக்கத்துக்குச் சமம் என்று தொழில் நியாய சபையில் வாதாடலாம். ஆனால் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், நடந்ததை நிரூபிக்கவும் வேண்டும். ஹெட்போனில் விழுந்த ஏச்சு ஒலிபரப்பான பதிவில் இருக்காது. கட்டுப்பாட்டு அறையில் அந்த நேரம் பக்கத்துக் கதிரையில் இருந்தவர் வந்து, நானும் கேட்டேன் என்று சொல்ல வேண்டும்.