மாசி மகத்தன்று 14 மில்லிமீட்டர்

வேதாரண்யத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மழைமானி நிற்கிறது. வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பிடித்த பைத்தியம். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து நோட்டில் எழுதுவேன். வானிலைத் துறைக்காரர்களும் அந்த நேரத்தில்தான் அளக்கிறார்கள்.

இந்த மாசியில் முதல் பதினெட்டு நாளும் ஒரே வரிதான்: பனி, வெயில், மழை இல்லை. மழைமானிப் புனலின் விளிம்பில் பனி முத்துமுத்தாய் நிற்கும். இரண்டு மூன்று சேர்ந்து ஒரு சொட்டாகி இறங்கப் பார்க்கும். பாதி வழியில் வெயில் வந்துவிடும். பத்தொன்பதாம் நாள் 2 மில்லிமீட்டர். 2.5 இருந்தால்தான் துறைக் கணக்கில் அது மழை நாள். ஆக, மழை பெய்தது, மழை நாள் இல்லை.

மகத்துக்கு முந்தின ராத்திரி கொட்டியது. காலையில் 14.

என் மச்சான் மணல் கொல்லையில் கடலை போட்டிருக்கிறார். விழுது இறங்குகிற சமயம். மேல்மண் காய்ந்து கிடந்தால் விழுது உள்ளே போகாது, காய் பிடிக்காது. அவருக்கு அந்த மழை வரம். பங்காளி ஒருவர் உப்பளம் குத்தகைக்கு எடுத்தவர். இப்போதுதான் பாத்தியில் உப்பு பூக்க ஆரம்பித்திருந்தது. அத்தனையும் கரைந்துபோயிற்று. இரண்டு பேரும் மகத்தன்று கோயிலில் ஒரே வரிசையில் நின்றார்கள்.

"அண்ணே, அவரு வேண்டினது சாமி காதுல விழுந்துச்சு. நான் வேண்டினது விழலையா?" என்றார் பங்காளி.

'அவரவர் வினை' என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொன்ன பதில். ஆனால் ஒரே மேகம் எப்படி ஒருத்தர் நல்வினையாகவும் இன்னொருத்தர் தீவினையாகவும் இருக்கும்?

எங்கள் கோயில் கதவுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. வேதங்கள் பூட்டிப்போன கதவைத் திறக்க அப்பர் பாடினார். ஒரு பாட்டில் திறக்கவில்லை, பாடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. திறந்த கதவை அடைக்கச் சம்பந்தர் பாடினார், முதல் பாட்டிலேயே அடைத்துக்கொண்டது. அப்பருக்கு மனசு நொந்துபோயிற்று. அவர் பாட்டை இன்னும் கேட்க ஆசைப்பட்டுத்தான் இறைவன் தாமதித்தார் என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அழகான சமாதானம்தான். கரைந்த பாத்தியின் வரப்பில் நிற்பவரிடம் அதைப் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நான் சொல்லவில்லை. வினையைப் பற்றியும் பேசவில்லை. அப்பருக்கே அந்த வருத்தம் இருந்தது என்று மட்டும் சொன்னேன். "அப்படியா?" என்று கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மழைக்கு வினையைக் காரணம் சொல்வது, என்னைக் கேட்டால், நொந்தவனை இன்னொரு தரம் நனைப்பது. அந்தப் பதிலை நான் விட்டுவிட்டேன்.

மாசியின் மீதி நாட்களில் மழை இல்லை. பங்காளி பாத்தியில் மறுபடி தண்ணீர் ஏற்றியிருக்கிறார்.