தடுப்பூசியிலும் மஹ்ரூமுக்குப் பங்கு உண்டு

ஜும்ஆ பயான், நெய்வேலி, 16.07.2021 (ஹிஜ்ரி 1442, துல்ஹஜ் பிறை 5)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! ஏப்ரல் 26 அன்று மூடப்பட்ட பள்ளிவாசல்கள் இந்த மாதம் 5ஆம் தேதிதான் திறந்தன. ரமளானில் பெரும்பகுதியும் நோன்புப் பெருநாளும் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. இன்று முகக்கவசத்தோடு, இடைவெளி விட்டு ஸஃப்பில் நிற்கிறோம். போன வருடம் நம் தோளோடு தோள் சேர்த்து நின்ற சிலர் இன்று இல்லை. அல்லாஹ் அவர்களுடைய கப்ரை விசாலமாக்கி, பாவங்களை மன்னிப்பானாக!

வரும் புதன்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள். குர்பானிக் கறியைத் தனக்கு, உறவினருக்கு, ஏழைக்கு என்று மூன்று பங்கு வைப்பது நம் பழக்கம். ஏழையின் பங்கில் எலும்பை மட்டும் போட்டு அனுப்பினால் வீட்டுப் பெரியவர்கள் சத்தம் போடுவார்கள். கறியில் இவ்வளவு பேணுதல் உள்ள சமுதாயம், உயிர் காக்கும் மருந்தின் பங்கீட்டைப் பற்றியும் பேச வேண்டுமல்லவா? இன்று அதைத்தான் பேசப்போகிறோம்.

ஸாயிலும் மஹ்ரூமும்

பயபக்தி உள்ளவர்களின் செல்வத்தில் இரண்டு பேருக்கு உரிமை இருக்கிறது என்று அல்லாஹு தஆலா அத்தாரியாத் அத்தியாயத்தில் (51:19) சொல்லிக் காட்டுகிறான். ஒருவர் ஸாயில், அதாவது வாய்விட்டுக் கேட்பவர். இன்னொருவர் மஹ்ரூம், அதாவது தடுக்கப்பட்டவர். பங்கு பிரிக்கும் இடத்தில் இவர் பெயர் இருக்காது. கேட்கவும் இவருக்கு வழி தெரியாது.

நாயகம் (ஸல்) அவர்களும் இதே கருத்தை விளக்கினார்கள். ஒரு கவளம் இரண்டு கவளத்துக்காக வீடு வீடாகச் சுற்றுபவர் அல்ல உண்மையான மிஸ்கீன். தேவை இருந்தும் மற்றவர்கள் கண்ணில் படாமல், தானும் எழுந்து நின்று கேட்காமல் இருப்பவரே மிஸ்கீன் என்பது அந்த ஹதீஸின் கருத்து. (புகாரி, முஸ்லிம்)

கவனியுங்கள் சகோதரர்களே! அல்லாஹ் இதை தர்மம் என்று சொல்லவில்லை, ஹக் என்கிறான். கேட்டு வந்தவருக்குக் கொடுத்ததோடு நம் கடமை முடிவதில்லை. கேட்காதவரைத் தேடிப் போய்க் கொடுப்பதும் கடமைதான்.

நம் நாட்டில் நடந்த பங்கீடு

இந்தத் தொற்றுக் காலத்தில் தடுப்பூசி எப்படிப் பங்கிடப்பட்டது? 2020 அக்டோபரில் நம் நாடும் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்து உலக வர்த்தக அமைப்பில் ஒரு கோரிக்கை வைத்தன. கொரோனா மருந்து, தடுப்பூசிகளின் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தள்ளி வையுங்கள், எல்லா நாடுகளும் தயாரித்துக்கொள்ளட்டும் என்பதுதான் அது. மிக நியாயமான கோரிக்கை. இன்றுவரை முடிவு வரவில்லை. மிக ஏழ்மையான நாடுகளில் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் ஒரு தவணையாவது கிடைத்திருக்கிறது.

வெளியில் நியாயம் கேட்ட நம் நாட்டுக்கு உள்ளே என்ன நடந்தது? மே 1 முதல் 18 வயதானவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். தடுப்பூசியில் கால்வாசி தனியார் மருத்துவமனைகளுக்கு என்று ஒதுக்கினார்கள். அங்கே அதிகபட்ச விலை கோவிஷீல்டு 780 ரூபாய், ஸ்புட்னிக் 1145 ரூபாய், கோவாக்சின் 1410 ரூபாய் என்று ஜூன் மாதம் நிர்ணயித்தார்கள். நான்கு பேர் உள்ள குடும்பம் விலை குறைந்த ஊசியை இரண்டு தவணை போட்டாலும் 6240 ரூபாய் ஆகிறது. ஊரடங்கில் வேலை இழந்த தினக்கூலி இந்தப் பணத்துக்கு எங்கே போவார்?

பணம் ஒரு தடை என்றால் செல்போன் இன்னொரு தடை. 18 முதல் 44 வயது உள்ளவர்கள் கோவின் தளத்தில் முன்பதிவு செய்தால்தான் ஊசி என்றார்கள். அது முதலில் ஆங்கிலத்தில் இருந்தது. ஜூன் மாதம் மற்ற இந்திய மொழிகளைச் சேர்த்தபோதும் தமிழ் இல்லை. கேட்ட பிறகுதான் வந்தது. விரல் வேகமாக ஓடும் இளைஞனுக்கே இடம் கிடைக்காத தளத்தில், பட்டன் போன் வைத்திருக்கும் கூலித் தொழிலாளி என்ன செய்வார்?

மூன்றாவது தடை அடையாள அட்டை. ஆதார், வாக்காளர் அட்டை போல ஏழு வகையில் ஒன்றைக் காட்ட வேண்டும் என்பதுதான் முதலில் இருந்த விதி. நம் கடலூர் மாவட்டத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. கிள்ளை, சிதம்பரம் பக்கம் இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அட்டை இல்லாதவர்களுக்கும் ஊசி போடலாம் என்று வழிமுறை வந்தது மே 6ஆம் தேதி. திட்டம் தொடங்கியதோ ஜனவரி 16. மஹ்ரூமின் ஞாபகம் வர கிட்டத்தட்ட நான்கு மாதம் ஆகியிருக்கிறது!

18 முதல் 44 வயது உள்ளவர்களைக் காசு கொடுக்க வைப்பது பார்த்த அளவிலேயே நியாயத்துக்குப் பொருந்தவில்லை என்று உச்ச நீதிமன்றம் மே 31 ஆணையில் சொன்னது. இணைய வசதி இல்லாதவர்கள் நிலை என்ன என்றும் கேட்டது. ஜூன் 21 முதல் 18 வயதைக் கடந்த எல்லோருக்கும் மத்திய அரசே இலவசமாகத் தரும் என்று அறிவிப்பு வந்தது. நல்லது எங்கிருந்து வந்தாலும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் ஊசி கையிருப்பில் இருந்தால்தானே போட முடியும்? ஜூன் கடைசியில் தமிழ்நாட்டில் இருப்பு தீர்ந்து முகாம்கள் நின்றன. ஆயிரம் பேருக்கு குஜராத்துக்கு 533 ஊசி வந்திருக்க, தமிழ்நாட்டுக்கு 302தான் வந்திருக்கிறது என்று முதலமைச்சர் மூன்று நாட்களுக்கு முன்னால் பிரதமருக்கு எழுதியிருக்கிறார். செங்கல்பட்டில் சுமார் 700 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பூசி வளாகமோ ஊசி தயாரிக்காமல் சும்மா நிற்கிறது.

பைத்துல் முகத்தஸைச் சுற்றி

அன்பானவர்களே! பங்கீட்டின் அநியாயத்தை மறைவில்லாமல் பார்க்க வேண்டுமென்றால் நம் முதல் கிப்லாவைச் சுற்றியுள்ள பூமியைப் பாருங்கள். உணர்ச்சியை ஒதுக்கிவைத்து, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இஸ்ரேல் 2020 டிசம்பரில் ஊசி போடத் தொடங்கியது. மார்ச் முடிவதற்குள் அதன் மக்களில் பாதிப் பேருக்கு இரண்டு தவணையும் முடிந்தது. உலகமே பாராட்டியது. மேற்குக் கரையில் குடியேறிய யூதர்களுக்கும் அந்த ஊசி கிடைத்தது. அவர்கள் குன்றுக்குக் கீழே பக்கத்துக் கிராமத்தில் வசிக்கும் ஃபலஸ்தீனருக்கு இல்லை. ஒரே மலை, ஒரே காற்று, ஒரே கிருமி! பிப்ரவரியில் ஃபலஸ்தீன மருத்துவப் பணியாளர்களுக்கென்று 2000 ஊசி தந்தார்கள். காஸாவுக்கு ஃபலஸ்தீன நிர்வாகம் அனுப்பிய 1000 ஊசியும் எல்லையில் நிறுத்திவைக்கப்பட்டு, பிறகுதான் உள்ளே போனது.

ஓஸ்லோ ஒப்பந்தப்படி சுகாதாரம் ஃபலஸ்தீன நிர்வாகத்தின் பொறுப்பு என்பது இஸ்ரேல் சொல்லும் வாதம். ஆனால் 1949ஆம் ஆண்டு நான்காவது ஜெனீவா உடன்படிக்கையின் 56ஆம் பிரிவு வேறு விதமாகச் சொல்கிறது. ஆக்கிரமித்த பூமியில் தொற்று நோய் பரவாமல் தடுக்கும் கடமையை அது ஆக்கிரமித்தவர் மீதும் வைக்கிறது. எல்லை, துறைமுகம், பாதை எல்லாவற்றின் சாவியையும் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பவருடைய நோய்க்கு நான் பொறுப்பில்லை என்றால் அது எப்படிச் சரியாகும்?

மார்ச் மாதம் இன்னொன்று நடந்தது. இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வைத்திருந்த ஃபலஸ்தீனத் தொழிலாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டார்கள். நல்லதுதானே என்று தோன்றும். ஆம், அந்த உயிர்களுக்கு நல்லதுதான். ஆனால் அவர் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால், அங்கே இருக்கும் வயதான தாய்க்கு அது இல்லை. கட்டடம் கட்டும் கைக்கு மருந்து உண்டு. அந்தக் கையை வளர்த்த தாய்க்கு இல்லை. இதில் மனிதனுக்கா மதிப்பு, அவன் செய்யும் வேலைக்கா?

மே மாதம் 11 நாட்கள் காஸா மீது குண்டு விழுந்தது. அஷ்ஷிஃபா மருத்துவமனையின் உள்மருத்துவப் பிரிவுத் தலைவர், கொரோனா சிகிச்சையை நடத்திவந்த டாக்டர் ஐமன் அபுல் அவ்ஃப் தன் வீட்டில் கொல்லப்பட்டார். மறுநாள் நடந்த தாக்குதலில் காஸாவில் கொரோனா பரிசோதனை செய்த ஒரே ஆய்வகமும் சேதமாகி நின்றது. ஜூன் 18 அன்று, பிறகு திருப்பித் தரும் ஏற்பாட்டில் பத்து லட்சம் ஊசி தருவதாக இஸ்ரேல் அறிவித்தது. முதலில் வந்த சுமார் 90,000 ஊசியின் காலாவதி அதே ஜூன் மாதம் என்று தெரிந்ததும் ஃபலஸ்தீன நிர்வாகம் திருப்பி அனுப்பிவிட்டது. இந்த மாதம் 7 லட்சம் ஊசியை இஸ்ரேல் தென்கொரியாவுக்கு அனுப்பியிருக்கிறது. கொரியா அதைத் திருப்பித் தரும் வசதியுள்ள நாடு.

உமர் (ரலி) கொடுத்த தீர்ப்பு

இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் தம் கிதாபுல் கராஜில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்கிறார்கள். கண் தெரியாத முதியவர் ஒருவர் வாசல் வாசலாக யாசிப்பதை கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பார்த்தார்கள். விசாரித்ததில் அவர் ஒரு யூதர். தம் வீட்டுக்கு அழைத்துப் போய் உள்ளதைக் கொடுத்தார்கள். பிறகு பைத்துல்மால் பொறுப்பாளரிடம் அனுப்பி, இவரையும் இவரைப் போன்றவர்களையும் கவனியுங்கள் என்று உத்தரவிட்டார்கள். இளமையில் இவரிடம் வரி வாங்கிவிட்டு முதுமையில் கைவிடுவது நீதியல்ல என்பது அவர்கள் சொன்ன காரணம்.

ஒரு மனிதனிடமிருந்து வாங்கும் இடத்தில் இருப்பவர் அவன் உயிருக்கும் பொறுப்பு. இதுதான் இஸ்லாம். யூத முதியவருக்கு உமர் (ரலி) கொடுத்த நீதியைத்தான் இன்று ஃபலஸ்தீனத் தாய்க்காகக் கேட்கிறோம். நமக்கு யூத சமுதாயத்தின் மீது பகை இல்லை. அநியாயத்தின் மீதுதான் கோபம்.

அதே தராசு நம் வாசலில்

இப்போது அந்தத் தராசை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். நெய்வேலியில் நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று இரண்டு சொற்கள் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே ஷிஃப்டில் ஒரே தூசியைச் சுவாசிப்பவர்கள். கொரோனா வந்தபோது அது யாருடைய அட்டையையும் வாங்கிப் பார்க்கவில்லை.

ஊசி இப்போது இலவசம். ஆனால் போட்ட மறுநாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். மாதச் சம்பளக்காரர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுப்பார். தினக்கூலிக்குப் படுத்தால் கூலி இல்லை. இரண்டு நாள் கூலிதான் அவர் கொடுக்கும் விலை. "இலவசமாகத் தருகிறார்கள், இவர்கள் போய்ப் போட்டுக்கொள்வதில்லை" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்.

நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கு ஊசி போட்டாகிவிட்டதா? கடையில் மூட்டை தூக்கும் தம்பிக்கு? "ஊசி போடாமல் உள்ளே வராதே" என்று சொல்லத் தெரிகிறது. "போட்டுக்கொண்டு இரண்டு நாள் ஓய்வெடு, சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்று சொன்னோமா? முதல் வார்த்தை நம் பாதுகாப்புக்கு. இரண்டாவது வார்த்தைதான் அவருடைய ஹக்.

ஆகவே நான்கு காரியங்கள்.

முதலாவது, நாம் போட்டுக்கொள்ள வேண்டும். பிள்ளை பிறக்காது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி வயதானவர்களைத் தடுக்காதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளச் சொன்ன நபியின் உம்மத் நாம். சந்தேகம் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

இரண்டாவது, இளைஞர்கள் தெருவாரியாகக் கணக்கெடுங்கள். போன் இல்லாதவர், அட்டை இல்லாதவர், நடக்க முடியாதவர் யார் யார் என்று பாருங்கள். ஒரு போன் எண்ணில் நான்கு பேரைப் பதிவு செய்யலாம். உங்கள் போனில் அவர்களைப் பதிவு செய்து, பைக்கில் அழைத்துப் போங்கள். எந்த மதம் என்று கேட்காதீர்கள்.

மூன்றாவது, உங்களிடம் வேலை செய்பவருக்குச் சம்பளத்தோடு இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள்.

நான்காவது, ஜமாஅத் நிர்வாகிகள் சுகாதாரத் துறையிடம் கேட்டு நம் பள்ளியில் எல்லா மக்களுக்குமாக ஒரு முகாம் நடத்த வேண்டும். இது புதிது அல்ல. அகழ்ப் போரில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் போடப்பட்டது. ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அங்கே காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். 1284ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையின் வக்ஃபு ஏட்டில், பணக்காரர், ஏழை, ஆண், பெண், உள்ளூர்க்காரர், வெளியூர்க்காரர் எல்லோருக்கும் சிகிச்சை உண்டு என்று எழுதி வைத்தார்கள்.

மறுமையின் கேள்வி

நல்லடியார்களே! மறுமையில் அல்லாஹ் அடியானிடம், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை விசாரிக்க வரவில்லையே என்று கேட்பான். நீ அகிலங்களின் இறைவனாயிற்றே என்று அடியான் திகைப்பான். என் அடியான் ஒருவன் நோயுற்றிருந்தான், அவனிடம் போயிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்று அல்லாஹ் சொல்வான். இது முஸ்லிம் நூலில் வரும் ஹதீஸின் கருத்து. நோயாளி எந்த ஊர், எந்த அட்டை, எந்த வேலை என்ற விவரம் அந்தக் கேள்வியில் இல்லை.

யா அல்லாஹ்! நோயில் இருப்போருக்கு ஷிஃபாவைத் தருவாயாக! எங்களை விட்டுப் பிரிந்தவர்களை மன்னிப்பாயாக! காஸாவிலும் மேற்குக் கரையிலும் மருந்துக்குக் காத்திருக்கும் தாய்மார்களுக்கு நீயே போதுமானவனாக இருப்பாயாக! எங்களிடம் வேலை செய்பவர்களின் ஹக்கை எங்கள் கழுத்தில் சுமந்தபடி உன் முன்னால் எங்களை நிறுத்திவிடாதே! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.