கூட்ஸ் வண்டியைப் படம் பிடிப்பதால் என்ன பிரயோசனம்?

வாலிபன் ஒருவன் விடுமுறை நாளில் காமிராவை எடுத்துக்கொண்டு கூட்ஸ் வண்டியைப் படம் பிடிக்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். நம் ஒடுகத்தூரில் இரயில் கிடையாது. ஆகையால் அவன் பஸ் ஏறி மேல்பட்டிக்கோ, பச்சகுப்பத்துக்கோ, ஆம்பூருக்கோ போகவேண்டும். வெயிலில் இரண்டு மணி நேரம் காத்திருந்து, நிலக்கரி வண்டி ஒன்றைப் படமெடுத்துக்கொண்டு திரும்புவான். வீட்டில் என்ன சொல்வார்கள்? "ஆறு நாள் ஷூ கம்பெனியில் உழைத்தவன் ஏழாம் நாள் செய்கிற காரியமா இது? இதனால் ஐந்து பைசா பிரயோசனம் உண்டா?" என்பார்கள். இது நியாயமான கேள்விதான். சற்று யோசித்துப் பார்ப்போம்.

ஓய்வு நாள் எதற்காக? மறுநாள் இன்னும் அதிகமாய் உழைப்பதற்காக மட்டும் என்றால், மனிதன் எண்ணெய் போட்டு நிறுத்தி வைக்கப்படும் இயந்திரத்துக்குச் சமானமாகிவிடுவான். சர்வேசுரன் தாம் படைத்ததையெல்லாம் நல்லதென்று கண்டு, பிறகு இளைப்பாறினார் என்று ஆதியாகமத்தில் வாசிக்கிறோம். ஆகவே இலாபம் கருதாமல் ஒன்றை நின்று பார்ப்பதும் ஓய்வுக்கு உரியதே. ஆனால் எதைப் பார்க்கிறோம், எவ்விதம் பார்க்கிறோம் என்பதையும் கவனிக்க வேண்டும் அல்லவா?

பிரயாணிகள் வண்டியின்மீது நமக்குப் பிரியம் உண்டு. அது நம்மை ஏற்றிச் செல்கிறது. கூட்ஸ் வண்டியையோ, கேட் மூடியிருக்கும்போது முணுமுணுத்துக்கொண்டே பார்க்கிறோம். 1856 ஜூலை 1-ல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பிரயாணிகள் இரயில் சேவை தொடங்கிற்று. அந்தப் பாதைதான் பிற்பாடு நம் பக்கமாய்ச் சோலையார்பேட்டைக்கு நீண்டது. இன்று அதில் நிலக்கரியும், பெட்ரோலும், அரிசியும், உரமும், துறைமுகத்துக் கன்டெய்னர்களும் போகின்றன. இரவில் நம் வீட்டில் எரியும் விளக்கிலும், நம் அடுப்பில் வேகும் சோற்றிலும் இப்படிப்பட்ட வண்டிகளுக்குப் பங்கு உண்டு. ஆயினும் எக்ஸ்பிரஸ் வந்தால் கூட்ஸ் வண்டிதான் லூப் லைனில் ஒதுங்கி வழிவிடுகிறது.

2019-ம் வருஷக் கோடையை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12-ந் தேதி, அப்போது நம் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சோலையார்பேட்டையிலிருந்து 50 டாங்கி வாகன்களில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்குச் சென்றது. அன்று அந்தக் கூட்ஸ் வண்டியைப் படம் பிடிக்கப் பத்திரிகைக்காரர்கள் திரண்டார்கள். பிரயோசனமற்ற வேலை என்று ஒருவரும் சொல்லவில்லை. தாகம் வந்ததும் கண் திறந்தது. தாகம் இல்லாத நாளிலும் கண் திறந்திருப்பவனைப் பார்த்து நாம் நகைக்கலாமா?

இன்னொன்றும் உண்டு. அந்த நீண்ட வண்டியின் கடைசியில் பிரேக் வேன் ஒன்று ஆடிக்கொண்டு போகும். அதில் ஒரு மனிதர் தனியே இருப்பார். கார்டு என்று நாம் அழைத்துவந்த அவருக்கு 2022-ல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றினார்கள். நெடுங்காலமாய்ப் பல பிரேக் வேன்களில் விளக்கோ, விசிறியோ, கழிப்பிடமோ இருந்ததில்லை. நாம் ஞாயிற்றுக்கிழமை பூசை கண்டு, வீட்டார் அனைவரும் கூடி உண்ணும் வேளையில் அவர் வேலையில் இருக்கிறார். நம் ஓய்வு அவருடைய உழைப்பின்மேல் நிற்கிறது. அந்தக் கடனைப் பணத்தால் தீர்க்க நமக்கு வழியில்லை. அவர் இருக்கிறார் என்பதையாவது அறிந்துகொள்வது நம்மேல் விழுந்த நீதி.

இங்கிலாந்தில் எரிக் டிரேசி என்ற ஆங்கிலிக்கன் குரு இருந்தார். 1930-களில் லிவர்பூலில் பணிபுரிந்தபோது இரயில்களைப் படம் பிடிக்கத் தொடங்கினார். எஞ்சின் ஓட்டுகிறவர்களோடும், கரி அள்ளிப் போடுகிறவர்களோடும் சிநேகமானார். பின்னர் வேக்ஃபீல்டு நகரின் ஆயரானார். 1978-ல் நீராவி எஞ்சின் ஒன்றைக் காண வந்திருந்தபோது, ஆப்பிள்பி இரயில் நிலையத்திலேயே உயிர் துறந்தார். இரயிலைப் பார்க்கப் போனவருக்கு அதன் ஊழியர்கள் சிநேகிதரானார்கள். படம் பிடிப்பதன் நல்ல பலன் இதுவே.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். நல்ல படத்துக்காகத் தண்டவாளத்தில் இறங்குகிறவன் தன் உயிரை மட்டுமல்ல, வண்டி ஓட்டுகிறவரின் மன நிம்மதியையும் பணயம் வைக்கிறான். அனுமதியின்றி இரயில்வே எல்லைக்குள் நுழைவது 1989-ம் வருஷச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறைவாசமோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. நிலையத்துக்குள் படமெடுக்கவும் அதிகாரிகளிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வேலையிலிருப்பவரின் முகத்தை அவர் சம்மதமின்றிப் பிடிப்பது மரியாதை ஆகாது. நோயாய்க் கிடக்கும் தாயை விட்டுவிட்டு இரயில் பார்க்கப் போவதும் ஓய்வு ஆகாது.

ஆகையால், பெற்றோரே, உங்கள் மகன் கூட்ஸ் வண்டி பார்க்கப் போகிறேன் என்றால் கடிந்துகொள்ளாதீர்கள். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள். கேட்டுக்கு வெளியே, பத்திரமான இடத்தில் நின்று சின்னப் பிள்ளைகளை வாகன்களை எண்ணச் சொல்லுங்கள். அவற்றில் என்ன போகிறது, யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கடைசிப் பெட்டி வரும்போது காமிராவைக் கீழே இறக்கி, அதில் இருப்பவருக்குக் கையசைக்கச் சொல்லுங்கள்.