காக்க வேண்டிய ரகசியம், காக்க வேண்டிய உயிர்

மகாபாரதத்தின் கர்ண பர்வத்தில் கௌசிகர் என்ற தவசியின் கதை வருகிறது. எந்நாளும் உண்மையே பேசுவது என்பது அவர் பூண்டிருந்த விரதம். ஒருநாள் கொள்ளையர்களுக்கு அஞ்சிய சிலர் அவர் இருந்த இடத்தைக் கடந்து காட்டிற்குள் ஓடி ஒளிந்தனர். துரத்தி வந்த கொள்ளையர்கள், அவர்கள் சென்ற வழியைக் கௌசிகரிடம் கேட்டனர். அவரும் உள்ளதை உள்ளபடியே சொன்னார். ஒளிந்திருந்தவர்கள் கொல்லப்பட்டனர். விரதத்திற்குப் பங்கம் நேரவில்லை. ஆயினும் கௌசிகர் நரகம் புகுந்தார். தன் சபதத்தைக் காப்பதற்காக அண்ணன் யுதிஷ்டிரர் மீதே வாளை ஓங்கத் துணிந்த அர்ஜுனனுக்கு ஸ்ரீகிருஷ்ணர் எடுத்துச் சொன்ன கதை இது.

விரதத்தின் சொல்லைக் காப்பதா, அதன் நோக்கத்தைக் காப்பதா? இந்தக் கேள்வியை இன்று நாள்தோறும் எதிர்கொள்பவர்களுள் உளவியலாளரும் ஒருவர்.

நம்பிக்கையே மருந்து

உளவியலாளரின் கையில் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை. கேட்பதும் பேசுவதுமே அவரது சிகிச்சை. பெற்ற தாயிடமும் வாழ்க்கைத் துணையிடமும் சொல்லாததை ஒருவர் அவரிடம் சொல்கிறார். சொன்னது வெளியே போகாது என்ற நம்பிக்கை இல்லையேல் அவர் வாய் திறக்கமாட்டார். வாய் திறவாதவருக்குச் சிகிச்சை இல்லை. ஆகவே ரகசியம் காத்தல் இத்தொழிலின் அஸ்திவாரமாக விளங்குகிறது.

நம் நாட்டிற்கு இது புதிய கருத்தன்று. நோயாளியின் இல்லத்தில் அறிய வந்ததை வெளியில் சொல்லலாகாது என்பது, சரக சம்ஹிதையின் விமான ஸ்தானத்தில் மருத்துவ மாணவனுக்கு விதிக்கப்படும் நெறிகளுள் ஒன்று. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் தனது 23-ஆம் பிரிவில், மனநோயாளியைப் பற்றிய தகவல்களைக் காப்பது சிகிச்சையளிப்போரின் கடமை என்று வகுத்துள்ளது.

ஒரு வழக்கு உணர்த்துவது

ஆனால் சொல்லப்படும் ரகசியம் மற்றொருவர் உயிரைப் பறிக்கும் எண்ணமாக இருந்தால்?

1969-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பயின்றுவந்த இந்திய மாணவர் ஒருவர் அங்குள்ள உளவியலாளரிடம் சிகிச்சை பெற்றார். தன் அன்பை ஏற்காத பெண்ணைக் கொல்லப் போவதாக அவர் வெளியிட்டார். கவலையுற்ற உளவியலாளர் பல்கலைக்கழகக் காவலர்களுக்குத் தெரிவித்தார். காவலர்கள் அந்த மாணவரை விசாரித்தனர். தெளிவாகவே பேசுகிறார் என்று கருதி, அப்பெண்ணை விட்டு விலகியிருப்பதாக உறுதி பெற்று அனுப்பிவிட்டனர். மாணவர் அதன்பின் சிகிச்சைக்கு வரவில்லை. அப்போது பிரேசிலில் இருந்த தாத்தியானா தாராசாஃப் என்ற அந்தப் பெண்ணுக்கோ அவளது பெற்றோருக்கோ எவரும் எச்சரிக்கை செய்யவில்லை. ஊர் திரும்பிய அவள் அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று அவரால் கொல்லப்பட்டாள்.

பெற்றோர் தொடுத்த வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976-இல் தீர்ப்பளித்தது. நோயாளியால் மற்றொருவருக்குக் கடும் ஆபத்து நேரும் என்று அறிந்தால், அவரைக் காக்கத் தக்க நடவடிக்கை எடுப்பது சிகிச்சையாளரின் கடமை என்பது அதன் சாரம். மாறுபட்ட நீதிபதி ஒருவரின் அச்சமும் புறக்கணிக்கத் தக்கதன்று: ரகசியம் வெளிப்படும் என்று அறிந்தால் நோயாளிகள் சிகிச்சைக்கே வரமாட்டார்கள், சிகிச்சை பெறாத கோபம் மேலும் பலரைத் தாக்கும் என்றார் அவர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரகசியம் காக்கப்படவும் இல்லை. உயிர் காக்கப்படவும் இல்லை. நோயாளியின் நம்பிக்கை போயிற்று. அறிய வேண்டியவளோ அறியவில்லை. கௌசிகர் சொல்லத் தகாதவரிடம் சொன்னார். பெர்க்லியில், சொல்ல வேண்டியவரிடம் சொல்லப்படவில்லை. சொல்வதா வேண்டாமா என்பதோடு, யாரிடம், எதற்காக, எவ்வளவு என்பதும் தர்மத்தின் கேள்விகளே.

நம் நாட்டுச் சட்டம்

கலிபோர்னியத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. எனினும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இதே விவேகத்தைக் காட்டுகிறது. பிறரைத் தீங்கிலிருந்து காக்கவும், உயிருக்கு நேரும் ஆபத்தைத் தடுக்கவும், பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டும் தகவல் தர அது இடமளிக்கிறது. பிறரைக் காக்கும்பொருட்டுச் சொல்லும்போதும், அத்தீங்கைத் தடுக்கத் தேவையான அளவு மட்டுமே சொல்லலாம் என்று வரம்பும் விதிக்கிறது. கொலை எண்ணத்தைச் சொல்லலாம். அதனோடு அவரது குடும்பக் கதைகளையும் சேர்த்துச் சொல்லலாகாது.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பானது. பாலியல் கொடுமை நடந்ததை அறிந்த எவரும் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. உளவியலாளருக்கு இதில் விலக்கு இல்லை.

சட்டத்திற்கு அப்பால்

சட்டம் எல்லைக் கோட்டைக் காட்டும். அதற்குள் நடக்கும் நடையை மனசாட்சியே காட்ட வேண்டும். முதல் சந்திப்பிலேயே, "நீங்கள் சொல்வதைக் காப்பேன், ஆனால் உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ, ஒரு குழந்தைக்கோ ஆபத்து என்றால் மௌனமாக இருக்க முடியாது" என்று சொல்லிவிடுவது நேர்மை. வரம்பற்ற வாக்குறுதி அளித்துவிட்டுப் பின்னர் மீறுவது துரோகம். ஆபத்து நெருங்கும்போதும், இயன்றவரை நோயாளியிடம் தெரிவித்து அவரது ஒத்துழைப்பைப் பெற முயல்வதே உத்தமம்.

வந்தவரின் பலவீனத்தைப் பணத்திற்கோ புகழுக்கோ ஆசைக்கோ பயன்படுத்தாதிருத்தலும் இதே அறத்தின் மறுபக்கம். தன் மனத்தை நம்பி ஒப்படைத்தவர் முன், கேட்பவருக்குத் தானாகவே ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. அந்த அதிகாரம் ஒப்படைத்தவரின் நலனுக்கே உரியது. அவருடைய ரகசியமும் அவருக்கே உரியது. உளவியலாளர் அதன் காவலர் மட்டுமே.

பட்டம் பெற்ற உளவியலாளரிடம் மட்டுமா மனிதர்கள் மனம் திறக்கிறார்கள்? நண்பரிடம், ஆசிரியரிடம், அண்டை வீட்டாரிடமும் திறக்கிறார்கள். வாழப் பிடிக்கவில்லை என்று ஒரு மாணவன் நம்மிடம் சொல்லி, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று சத்தியம் கேட்டால் என்ன செய்வோம்? அவனைத் தனியே விடாமல், தக்க உதவி செய்யக்கூடியவரிடம் அவனோடு சேர்ந்து செல்வதே அவன் நம்மீது வைத்த நம்பிக்கைக்கு நாம் செய்யும் மரியாதை. அவன் நம்மிடம் கோபம் கொள்ளலாம். கோபம் கொள்ள அவன் உயிரோடு இருப்பான்.