படை கலையலாம், தோழமை கலையலாமா?

பிறப்பு தருகின்ற உறவு ஒன்று; இடுக்கண் தருகின்ற உறவு மற்றொன்று. முன்னதை நாம் தேடியதில்லை. தொட்டிலிலேயே வந்து ஒட்டிக்கொண்டது. பின்னதோ பாடுபட்டுச் சேர்த்த செல்வம். இரண்டில் எதற்கு மாலை சூட்டுகிறது இந்த நாடு? குலம் என்கிறது, கோத்திரம் என்கிறது, குருதிப் பாசம் என்கிறது! பாடுபட்டுச் சேர்த்ததைத் திண்ணையில் போட்டுவிட்டு, தானாக ஒட்டியதைப் பேழையில் வைத்துப் பூட்டுகிறது!

படைவாழ்வு முடித்து ஊர் திரும்பிய பெரியவர்களை எண்ணிப் பார்ப்போம். 1758இல் தன் வரலாற்றைத் தொடங்கும் மதராஸ் படைப்பிரிவு, 1780இல் வேர்கொண்ட மதராஸ் பொறியாளர் படை இரண்டிலும் நம் நாட்டார் தலைமுறை தலைமுறையாகப் பணியாற்றியிருக்கின்றனர். பொறியாளர் படையினருக்குத் 'தம்பி' என்ற செல்லப் பெயரே நிலைத்துவிட்டது. எவ்வளவு பொருத்தமான பெயர்! ஒரே அடுப்பில் வெந்த சோற்றை உண்டவர்கள். ஒரே பதுங்குகுழியில் இரவைக் கழித்தவர்கள். ஒருவன் தோளில் ஒருவன் சாய்ந்து உயிர் பிழைத்தவர்கள். தாய் வேறு, தந்தை வேறு, ஆயினும் தம்பியர்!

படை என்பது சமத்துவத்தின் பொன்னுலகம் என்று கூறவில்லை. வெள்ளையராட்சி அங்கும் வகுப்புப் பார்த்தது. 'போர்க்குலம்' என்றொரு பொய்யைப் புனைந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னாட்டாரின் இடத்தைச் சுருக்கியது. மகாராட்டிரத்து மகார் மக்களுக்குப் படையின் கதவையே அடைத்தது. எனினும், குண்டு பாயும் வேளையில் பக்கத்தில் நிற்பவனின் குலத்தை எவன் கேட்பான்? கேட்பதற்கு நேரமும் இல்லை, தேவையும் இல்லை!

ஆனால் பணி முடிகிறது. இருவர் ஒரே தொடர்வண்டியில் திரும்புகின்றனர். ஒருவர் ஊருக்குள் நுழைகிறார். மற்றவர் சேரிக்குத் திரும்புகிறார். எல்லையில் ஒரே குவளையில் நீர் பருகியவர்கள், இங்கே ஒருவர் வீட்டு வாயிலை மற்றவர் மிதிக்கத் தயங்குகின்றனர்! மாதம் ஒரு மடல் ஆண்டுக்கு ஒன்றாகிறது. பின்னர் அதுவும் நிற்கிறது. பகைவனின் பீரங்கியால் பிரிக்க முடியாத இருவரை ஒரு தெருமுனை பிரித்துவிடுகிறது. இது மறதியன்று, தோழர்களே, தோல்வி!

பழைய தோழமையைப் பேணியவர்கள் என்ன சாதித்தனர்? மகார் மக்களையே சான்றாகக் கொள்வோம். படையிலிருந்து ஓய்வுபெற்ற கோபால் பாபா வலங்கர், அடைத்த கதவைத் திறக்கக் கோரி 1890களில் விண்ணப்பம் எழுதினார். தீண்டாமையை எதிர்த்தும் எழுதினார். 1818இல் போர் நடந்த பீமா கோரேகானில், மாண்ட மகார் வீரர்களின் பெயர்களையும் தாங்கி ஒரு தூண் நிற்கிறது. சுபேதார் ராம்ஜியின் மகனான அம்பேத்கர், 1927 சனவரி முதல் நாள் அங்கே சென்றார். ஆண்டுதோறும் மக்கள் அங்கே திரள்கின்றனர். 1941இல் மகார் படைப்பிரிவும் உருவாயிற்று. பழைய வீரர்கள் பழங்கதை மட்டும் பேசிக் கலைந்திருந்தால் இந்த விழிப்பு வந்திருக்குமா?

தோழமையின் கடன் உயிரோடிருப்பவரோடு முடிவதுமில்லை. கெடிலக்கரையில் உள்ள நம் திருவதிகையோடு தொடர்புடைய திலகவதியின் கதையை நாடறியும். அவருக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையார் ஒரு படைத்தலைவர். அரசன் ஏவலால் வடக்கே போருக்குச் சென்று மாண்டார் என்கிறது பெரியபுராணம். பெற்றோரையும் இழந்து, இளைய தம்பியோடு தனித்து நின்றார் அந்தப் பெண். பக்தர்கள் இதில் அருளைக் காணட்டும். நாம் ஒரு கேள்வியைக் காண்கிறோம். கலிப்பகையாரோடு களம் சென்றவர்களுள் ஒருவரேனும் அந்தப் பெண்ணின் வாயிலில் வந்து நின்று, "அம்மா, அவர் இல்லை, நாங்கள் இருக்கிறோம்" என்று கூறியதுண்டா? கதையில் அப்படியொருவர் வரவில்லை. களத்தில் வீரம் காட்ட ஆயிரம் பேர். களம் முடிந்தபின் கண்ணீர் துடைக்க ஒருவருமில்லை!

"போரைப் போற்றுகிறீர்களா?" என்று சிலர் வினவக்கூடும். இல்லை. போரைப் போற்ற வேண்டியதில்லை. போரின் கொடுமைக்கிடையிலும் மனிதன் கண்டெடுத்த ஒரு மாணிக்கத்தை மண்ணில் எறியக் கூடாது என்றே கூறுகிறோம். சாதியின்றி வாழ முடியுமா என்று கேட்போருக்கு, "வாழ்ந்து பார்த்தோம், முடிந்தது" என்று விடை சொல்லத்தக்கவர்கள் அந்தப் பழைய வீரர்கள். அவர்கள் தொடர்பற்றுப் போனால், அந்தச் சான்றும் அழியும்.

படைக்கு மட்டுமா இது? 1956இல் நெய்வேலி நிறுவனம் தோன்றியபின், பல ஊரார், பல வகுப்பார் ஒரே சுரங்கத்தில் வியர்வை சிந்தினரே! ஓய்வு பெற்றதும் அவரவர் சாதிச் சங்கத்தைத் தேடிப் போவதா?

இளைஞர்களே! உங்கள் தெருவில் ஒரு முன்னாள் படைவீரர் இருப்பார். அவருடைய பழைய தோழரின் முகவரியைக் கேளுங்கள். மடல் எழுதிக் கொடுங்கள். அலைபேசியில் அழைத்துக் கொடுங்கள். மாண்ட வீரரின் மனைவி ஓய்வூதியத்துக்காக அலைந்தால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் துணையாகச் செல்லுங்கள். பெரியவர்களே! உங்கள் வீட்டு மணவிழாவில், சேரியிலிருந்து வரும் தோழரை முதல் பந்தியில் உங்கள் பக்கத்தில் அமர்த்துங்கள். பேரப்பிள்ளைகள் கண்ணாரக் காணட்டும்.

பிறப்பு பிரித்தவர்களைப் பாசறை இணைத்தது. பாசறை இணைத்தவர்களை ஊர் பிரிக்க விடலாமா?