யார் கணக்கில் எழுதுவது?

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். ராக்கி மலைத்தொடர் ஓடுகிற பிரதேசம். செப்டம்பர் மாதம் வந்தால் போதும், அங்கே சில ஆசாமிகள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, முதுகில் மூட்டையும் கையில் வில்லுமாகத் தன்னந்தனியாக மலையேறிவிடுகிறார்கள். எல்க் வேட்டை! எல்க் என்பது நம்ம ஊர் கடமானுக்கு அண்ணன் மாதிரி. வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைக்கூடத் தாண்டும். காடு பொதுஜனத்தின் சொத்து. முறைப்படி லைசென்ஸ் வாங்கியவர் உள்ளே போகலாம்.

அடித்து வீழ்த்திய பிறகுதான் நிஜமான வேலையே ஆரம்பம். அங்கேயே உரித்து, துண்டு போட்டு, வண்டி நிற்கிற இடம் வரை தோளில் சுமக்க வேண்டும். ஒற்றை ஆள் என்றால் நாலைந்து நடை. தின்னக்கூடிய கறியைக் காட்டிலேயே அழுகவிட்டு, கொம்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் சட்டப்படி குற்றம்.

'அது பாட்டுக்கு மேய்ஞ்சுக்கிட்டிருந்த ஜீவனைப் போய்... சே!' என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. நியாயம்தான். அந்தச் 'சே'யைக் கொஞ்ச நேரம் பத்திரமாக வைத்திருங்கள். ஆம்பூர் வரை போய்விட்டு வந்துவிடலாம்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி... இந்த வழியில் பஸ்ஸில் போனால் போர்டைப் படிக்க வேண்டியதில்லை, பல இடங்களில் காற்றே ஊர்ப் பெயரைச் சொல்லிவிடும். உப்புப் போட்ட பச்சைத் தோல் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. சுண்ணாம்பில் ஊறி மயிர் போகிறது. ஜவ்வைச் சுரண்டி எடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டை, இப்போது பெரும்பாலும் குரோமியம். ஒரு டன் பச்சைத் தோல் உள்ளே போனால், சுமார் கால் பங்குதான் பதப்பட்ட தோலாக வெளியே வரும். ஒரு கிலோ தோலுக்கு 30, 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். வெளியே வந்த தோல் ஷூவாகி, பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்கும், உங்கள் ஊர் ஷோரூமுக்கும் போகிறது. மிச்சமெல்லாம் எங்கே போகிறது? அதற்கு அப்புறம் வருகிறேன்.

இதே நெடுஞ்சாலைக்குத் தெற்கே பாருங்கள், ஜவ்வாது மலை. பக்கத்திலேயே ஏலகிரி. ஒரு காலத்தில் இங்கேயும் வேட்டை உண்டு. ஏலகிரியில் ஆட்கொல்லியான ஒரு சிறுத்தையைப் பற்றி, பெங்களூர்க்கார வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் எழுதியிருக்கிறார். துரைமார்கள் நம்ம கடமானையே 'எல்க்' என்றுதான் அழைத்தார்கள். 19-ம் நூற்றாண்டில் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர், நாய்களை விட்டு அதைத் துரத்தியதைப் பெருமையாகப் புத்தகமே போட்டார்.

1882-ல் மதராஸ் வனச் சட்டம் வந்தது. காடுகள் ரிசர்வ் ஆயின. தலைமுறை தலைமுறையாக மலையில் வாழ்ந்தவன் தன் காட்டிலேயே திருடன் ஆனான், துரை மட்டும் ஷிகாரி! 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் துரை, குடியானவன் என்ற பேதம் பார்க்காமல் கதவைச் சாத்தியது. அது சரியான சட்டம். நம் ஜனத்தொகைக்கு ஆளுக்கொரு துப்பாக்கியோடு காட்டுக்குள் புறப்பட்டால், ஒரு சீசனில் மலை மொட்டையாகிவிடும். ஆகவே வேட்டைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

என் கேள்வி வேறு. வேட்டைக்காரனைப் பார்த்துச் 'சே' சொல்கிற உரிமை நமக்கு எங்கிருந்து வந்தது?

"தோலுக்காக யாரும் ஆட்டை வெட்டறதில்லை சார், கறிக்காகத்தான் வெட்டறாங்க" என்பது இதற்குத் தயாராக இருக்கும் பதில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பி.காம் படித்தவனிடம் இது செல்லாது. காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'பை-ப்ராடக்ட்' என்று ஒரு பாடம் உண்டு. பிரதானச் சரக்கோடு கூடவே கிடைக்கிற உபரிச் சரக்கு. அதை விற்று வருகிற காசை, பிரதானச் சரக்கின் அடக்க விலையில் கழித்துக்கொள்ள வேண்டும். அதாவது, தோல் விற்றால் கறியின் அடக்க விலை குறைகிறது. ஆட்டை வெட்டுகிற செலவில் ஒரு பங்கை ஷூ வாங்குகிறவரும் கொடுத்திருக்கிறார். கறியே தொடாதவராக இருந்தாலும் சரி!

இது புதுச் சண்டையும் அல்ல. தனக்காகக் கொல்லப்பட்டதாகப் பார்க்கவில்லை, கேட்கவில்லை, சந்தேகமும் இல்லை என்றால் பிட்சு அந்த மாமிசத்தை ஏற்கலாம் என்று பௌத்த விதி இடம் கொடுத்தது. வள்ளுவர் புலால் மறுத்தலில் அந்தச் சந்தை விவகாரத்தை நேராகவே பிடித்தார். வாங்குகிறவன் இல்லாமல் விற்கிறவன் ஏது என்பது அவர் கட்சி.

'அப்படியானால் வேட்டைக்காரன் உத்தமனா?' என்று கேட்பீர்கள். இல்லை. அவன் சந்தோஷத்துக்காகப் போகிறான். டேனரித் தொழிலாளி வயிற்றுப்பாட்டுக்காகப் போகிறார். இரண்டும் ஒன்றல்ல. கண்ணால் பார்த்துக் கொன்றான் என்பதற்காகக் கொலை புண்ணியமாகிவிடாது. ஆனால் அவன் கணக்குப் புத்தகத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. கொன்றவன், உரித்தவன், சுமந்தவன், தின்றவன் எல்லாப் பதிவும் ஒரே பெயரில். எடையைத் தோள் சொல்லிவிடுவதால், நாலு நடை சுமந்தவன் அன்றைக்கே இன்னொன்றை அடிக்க யோசிப்பான்.

நம் கணக்கில் வெட்டியவர் ஒருத்தர், பதனிட்டவர் ஒருத்தர், தைத்தவர் ஒருத்தர். நாம் பில் மட்டும் கட்டினோம். இந்த நீளமான வரிசையில் மிச்சமெல்லாம் எங்கோ விழுந்துகொண்டே இருக்கிறது. விழுந்த இடத்துக்குப் பெயர், பாலாறு.

1996-ல், வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட், கெடுத்தவனே காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாகவே ஆக்கியது. 2025 ஜனவரியில் அதே கோர்ட், அதே ஆற்றுக்காக, அதையே மறுபடி சொல்லி நஷ்டஈட்டுக்கு உத்தரவு போட வேண்டியிருந்தது. நடுவில் 2015 ஜனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் பத்துப் பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்துப்போனார்கள். ஆட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். மனிதனில் வந்து நிற்கிறோம்.

டேனரிகளை மூடிவிடலாமா? அந்த ஊர்களின் அடுப்பு எரிவதே அதில்தான். நீங்கள் ரப்பர் செருப்புக்கு மாறினால் அதற்கும் ஒரு ஆறு எங்கோ இருக்கும். துறவறம் போகச் சொல்லவில்லை. சுத்திகரிப்புக்கு ஆகும் செலவை யாராவது கொடுத்தாக வேண்டும். இன்றைக்கு அதைப் பாலாறும் அந்த மக்களும் கொடுக்கிறார்கள். முறைப்படி செய்தால் அது ஷூவின் விலையில் ஏறும். அப்போது கடையில் நின்றுகொண்டு, "என்னப்பா, பக்கத்துக் கடையில குறைச்சலா இருக்கே?" என்று கேட்கப் போவது நீங்களும் நானும்தான்.

அந்தக் கூடுதல் ரூபாயை முணுமுணுக்காமல் கொடுக்கத் தயார் என்றால், பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேனே அந்தச் 'சே', அதை இப்போது வெளியே எடுக்கலாம்.