விளையாட்டுக்குத்தான் சொன்னேன்

அப்புச்சி வீட்டுத் திண்ணையில் ஆடுபுலிக் கட்டம் ஒன்று இருந்தது. அன்னூரிலிருந்து சத்தியமங்கலம் போகும் சாலையில் பிரிந்து உள்ளே போனால் வரும் சிற்றூர் அது. திண்ணைக்குச் சிமெண்டுப் பால் ஊற்றிய அன்றைக்கே, ஈரம் காய்வதற்குள் யாரோ ஆணியால் கீறி வைத்த கட்டம். புலி 3, ஆடு 15, காய்கள் நிற்கும் புள்ளிகள் 23. ஆடுகளுக்குப் புளியங்கொட்டை, புலிகளுக்கு ஓட்டாஞ்சில்லு. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டலாம். ஆடு எதையும் வெட்ட முடியாது; நெருக்கி நின்று புலியை நகரவிடாமல் கட்டத்தான் முடியும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே படை, ஒரே பலம் என்று தொடங்குகிற சதுரங்கத்தைவிட இதுதான் உண்மையான போருக்கு நெருக்கமானது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மத்தியானம் சோறு உண்டு முடித்ததும் அப்புச்சியும் அவருடைய மச்சினர்களும் உட்காருவார்கள். காய் நகர்வதைவிட வாய் நகர்வதுதான் அதிகம். "புலிய வெச்சுட்டு முழிக்கறதப் பாரு, ஆட்டுக்குட்டி வந்து மோந்து பாத்துட்டுப் போகுது மாப்ள" என்பார் ஒருவர். "உங்கூட்டு ஆடெல்லாம் எங்கூட்டுப் பட்டிக்கு வந்து ரொம்ப நாளாச்சுங் மாமா" என்று பதில் வரும். கோயமுத்தூர்க் குசும்பு என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது இதைத்தான். அந்தக் குசும்புக்கும் ஒரு முறை உண்டு. மாமன் மச்சானைக் கேலி பேசலாம். பங்காளியைப் பேசினால் சண்டை. ஆட்டத்தைச் சொல்லலாம், தோட்டத்தைச் சொல்லலாம், கடனைச் சொல்லக் கூடாது. இந்த எல்லைகளை யாரும் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பத்து வயதில் மோர்ச் சொம்போடு போன நான் ஒருநாள் கட்டத்தைப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, அந்த ஆட்ட மேக்க தள்ளுனா புலி மாட்டிக்கும்" என்றேன். திண்ணை ஒரு நொடி அமைதியானது. பிறகு ஒருவர், "அம்மிணி புலி புடிக்கப் போகுதாமா! மொதல்ல மோர்ல உப்புப் போட்டியா பாரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புச்சி அந்த ஆட்டை மேற்கேதான் தள்ளினார், புலி மாட்டியது. அதை யாரும் பேசவில்லை.

அன்று நான் ஏன் சிரித்தேன் என்ற கேள்வி, முப்பது வருடம் கழித்து வேறு ஒரு விளையாட்டின் வழியாகத் திரும்பி வந்தது.

2020 செப்டம்பரில் பப்ஜியைத் தடை செய்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அதே ஆட்டம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் பாடம் கேட்பதற்காகக் கைபேசி வாங்கிய எங்கள் மாணவர்கள் பலர் பாடம் முடிந்ததும் அந்தத் தீவில்தான் இறங்கினார்கள். நூறு பேர் விமானத்திலிருந்து குதிப்பார்கள், நான்கு நான்கு பேராகக் கூட்டணி சேர்வார்கள், சுட்டுக்கொண்டு கடைசிவரை மிஞ்சுபவர்கள் வென்றவர்கள். அடிபட்டு விழுந்தவனைக் கூட்டாளி ஓடிவந்து எழுப்பலாம். முழுநேரமும் காதில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். கட்டளை, எச்சரிக்கை, அதைவிட அதிகமாக நக்கல்.

அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வணிகவியல் படித்த ஒரு பெண், ஆண் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு மூன்று வகுப்புத் தோழர்களோடு விளையாடி வந்தாள். அவளென்று அவர்களுக்குத் தெரியாது. யாரோ தெரிந்தவனுக்குத் தெரிந்தவன் என்று நினைத்திருந்தார்கள். மைக்கை அணைத்துவிட்டு எழுத்தில் மட்டுமே பதில் சொல்வாள். குறி நன்றாக இருக்கும். அவர்கள் அவளையும் திட்டுவார்கள், "டேய் குருட்டுக் கோழி, எங்கடா சுடுற" என்று. அவளும் எழுத்தில் திருப்பித் திட்டுவாள். ஏழெட்டு மாதம் அப்படிப் போனது. ஒருநாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். பின்னாலிருந்து அவளுடைய அம்மா, "அம்மிணி, சோறு ஆறுது, வந்து தின்னுட்டுப் போ" என்று கூப்பிட்டிருக்கிறார்.

அதன் பிறகு குருட்டுக் கோழி இல்லை. முதலில், "மேடம் வாங்க, மேடத்தை யாரும் சுடாதீங்கடா" என்று அதீத மரியாதை. பிறகு சமையல் முடிந்ததா என்ற கேள்வி. பிறகு உடம்பைப் பற்றி. பிறகு, அவள் எந்தத் தெருவிலிருந்து வருகிறாள் என்று தெரிந்த ஒருவன் அதையும் சேர்த்துக்கொண்டான். ஒரு பகுதியைப் பதிவு செய்து வகுப்புக் குழுவில் போட்டார்கள். அங்கே அவள் ஒரு சிரிப்புப் பொம்மையைப் பதிலாக இட்டாள். மூன்று நாள் கழித்துப் புகார் கொடுத்தாள்.

விசாரித்த மூவரில் நானும் ஒருத்தி. பையன்கள் அழவில்லை, மறுக்கவும் இல்லை. "விளையாட்டுக்குத்தான் சொன்னோம் மேம். அதுல எல்லாரையும் திட்டுவோம். இவளை மட்டும் திட்டாம விட்டா, பொண்ணுன்னு ஒதுக்கிட்டோம்னு ஆயிடாதா?" என்றான் ஒருவன். இன்னொருவன் கைபேசியை நீட்டினான். "பாருங்க மேம், அவளே சிரிச்சிருக்கா."

மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினோம். அவளிடம் அந்த விளையாட்டை அழித்துவிடச் சொன்னோம். நான் ஒருபடி மேலே போய், "நீ ஏம்மா அங்க போயி விளையாடுன?" என்று கேட்டேன். பெண்ணியம் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறவள் கேட்ட கேள்வி இது. அவள் பதில் சொல்லாமல் என் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பையன் கேட்டதை எளிதாக ஒதுக்க எனக்கு மனமில்லை. கேலிக்கு வெளியே நிறுத்தப்படுவதும் ஒரு விலக்கல்தான். மகளிர் வந்திருக்கிறார்கள் என்று பேச்சை நிறுத்துகிற ஆண்கள் கூட்டத்துக்குள் நுழைந்த எந்தப் பெண்ணுக்கும் அது தெரியும். அவனுடைய வாதத்தில் இருந்த பொய் வேறிடத்தில் இருந்தது. அவர்கள் ஏற்கெனவே ஏழெட்டு மாதம் அவளைச் சமமாகத்தான் திட்டியிருந்தார்கள். அந்தச் சமத்துவத்தை முடித்து வைத்தது அவள் குரல்கூட இல்லை, சாப்பிடக் கூப்பிட்ட அவள் அம்மாவின் குரல்.

போரை விளையாட்டாக ஆடுவோர் கூட்டத்தில் பெண்ணுக்கு என்ன இடம் என்பது அன்னூரில் பிறந்த கேள்வி அல்ல. எச். ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் ஆடும் முறையை 'லிட்டில் வார்ஸ்' என்ற சிறு நூலாக எழுதினார். அதன் நீண்ட தலைப்பே, பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையிலான பையன்களுக்கு இந்நூல் என்கிறது. கூடவே, பையன்களின் விளையாட்டையும் புத்தகத்தையும் விரும்புகிற, மற்றவர்களைவிட அறிவு கூடிய வகைப் பெண்களுக்கும் என்று ஓர் இடம் ஒதுக்குகிறது. இதுவும் குசும்புதான், நயமான குசும்பு. நூற்றைம்பது வயதுப் பையனிடம் யாரும் அறிவுச் சான்றிதழ் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நூறாண்டு கழித்து, 2024 ஜனவரியில், நெதர்லாந்தின் விக் ஆன் சே போட்டியில் ஆடிவிட்டு வந்த 18 வயது திவ்யா தேஷ்முக், பார்வையாளர்கள் தன் காய் நகர்த்தலை விட்டுவிட்டு உடையையும் தலைமுடியையும் உச்சரிப்பையும் பேசுவதாக வெளிப்படையாக எழுதினார். யானை, குதிரை, தேர், காலாள் என்று படையின் பெயரையே தன் பெயராகக் கொண்ட ஆட்டம் அது.

என்னை நீண்ட நாள் பிடித்து வைத்திருந்தது லிவர்பூல் கதை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அட்லாண்டிக்கில் கப்பல்களைக் கொத்துக் கொத்தாக மூழ்கடித்த நேரம். 1942 ஜனவரியில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரி, டெர்பி ஹவுஸ் கட்டடத்தில் ஒரு தரையைக் கடலாக்கிப் போர் விளையாட்டு நடத்தினார். கப்பல்கள் போன தடத்தைத் தரையில் சாக்கட்டியால் கோடிழுத்தவர்கள் கடற்படை மகளிர் பிரிவின் இளம்பெண்கள். அனுபவம் மிக்க மாலுமிகள் படுதாவுக்குப் பின்னால் நின்று, துளை வழியே தெரிகிற அளவு மட்டும் பார்த்து ஆட வேண்டும். அந்தப் பெண்களில் ஜீன் லெய்ட்லாவும் ஜேனட் ஓக்கெலும் ஆட்டத்தின் நுட்பத்தையே வளர்த்தெடுத்தார்கள். நீர்மூழ்கிகள் வெளியிலிருந்து தாக்கவில்லை, இரவில் கப்பல் வரிசைகளுக்கு உள்ளேயே நுழைந்துவிடுகின்றன என்று அந்தத் தரையில் ஆடிப் பார்த்துத் தெளிந்தார்கள். அதற்கு வகுத்த எதிர் வியூகத்துக்கு லெய்ட்லா இட்ட பெயர் 'ராஸ்ப்பெரி'. பழத்தின் பெயர்தான். ஆனால் ஆங்கிலப் பேச்சுவழக்கில், நாக்கை நீட்டிப் 'பர்ர்' என்று பழிப்புக் காட்டும் ஓசைக்கும் அதுவே பெயர். ஹிட்லருக்குக் காட்டிய பழிப்பு. ஒரு பெண்ணின் எகத்தாளம் கடற்படை ஆணைகளில் ஏறி உட்கார்ந்தது.

நீர்மூழ்கி மாலுமியாகவே பேர் வாங்கிய அட்மிரல் மாக்ஸ் ஹார்ட்டன் அங்கே வந்து நீர்மூழ்கியாக ஆடினார், ஐந்து முறை தோற்றார், தோற்கடித்தவர் ஓக்கெல் என்று பிறகுதான் அறிந்தார் என்பார்கள். நான் இந்தக் கதையைப் பெண்களின் வெற்றியாகச் சொல்ல வரவில்லை. போர் முடிந்ததும் அவர்கள் பெயர்கள் பல காலம் வெளியே வரவில்லை. அது தனிக் கதை. எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் படுதா. அதற்குப் பின்னால் நின்றவருக்குத் தெரிந்தது எதிரியின் ஆட்டம் மட்டும்தான். என் மாணவி மைக்கை அணைத்துத் தானே கட்டிக்கொண்ட படுதாவும் அதுவே.

தொல்காப்பியர் சிரிப்பையும் விளையாட்டையும் ஒரே இடத்தில் வைக்கவில்லை. மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நான்கு இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகியவற்றைச் சொல்கிறார். விளையாட்டு அங்கே இல்லை. அது செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு உவகையின் கீழ் வருகிறது. வகுப்பில் இருபது வருடமாக இதை மனப்பாடப் பட்டியலாகத்தான் நடத்தி வந்தேன். பையன்கள் சொன்ன "விளையாட்டுக்குத்தான்" என்ற சொல்லைக் கேட்ட பிறகு மறுபடி படித்தபோது பேராசிரியரின் உரையில் கண் நின்றது. எள்ளல் இரண்டு என்கிறார் அவர். பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது இன்னொன்று.

இந்த இரண்டாவது சிரிப்பை நம் பெண்கள் எல்லோரும் அறிவோம். மோர்ச் சொம்போடு நான் சிரித்தது அது. அவள் போட்ட சிரிப்புப் பொம்மை அது. விசாரணையில் அதை நாங்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். எள்ளப்பட்டவள் சிரிப்பது, அந்தக் கூட்டத்தில் இன்னும் ஒரு நிமிடம் இருக்கக் கிடைக்கும் அனுமதிக்காகத்தான். சிரிக்காவிட்டால் 'இவளுக்கு விளையாட்டே தெரியவில்லை' என்று ஆகும். சிரித்தால் 'அவளே சிரித்தாள்' என்று ஆகும்.

அப்படியானால் எந்தக் கேலி விளையாட்டைச் சேர்ந்தது? எனக்குக் கிடைத்த பதில் அப்புச்சி வீட்டுத் திண்ணையிலேயே இருந்தது. ஆடுபுலியில் புலிக்கும் ஆட்டுக்கும் பலம் சமமில்லை. ஆனாலும் அது விளையாட்டுதான், ஏனென்றால் அடுத்த ஆட்டத்தில் பக்கம் மாறும். இப்போது புலி வைத்திருப்பவர் அடுத்து ஆடு வைப்பார். பக்கமே மாறாத ஆட்டத்தில் ஒருவர் எப்போதும் ஆடு. அந்தப் பையன்கள் அவளிடம் சொன்ன எதையும் அவள் அவர்களிடம் திருப்பிச் சொல்ல முடியாது. கூச்சத்தால் அல்ல, அதற்கு மொழியில் சொல் இல்லை. தமிழில் ஓர் ஆணை மோசமாகத் திட்ட வேண்டுமென்றால் அவன் அம்மாவை இழுக்க வேண்டும், அக்காவை இழுக்க வேண்டும். அல்லது அவனைப் பெண் என்று சொல்ல வேண்டும். சாதியைச் சொல்லித் திட்டுவதும் மேலிருந்து கீழே மட்டும்தான் பாயும். நம் வசைச் சொற்களின் கிடங்கில் அவளும் கை வைக்கலாம். ஆனால் எடுக்கும் ஒவ்வொரு கத்தியும் முதலில் அவளையே கிழிக்கும்.

ஆண்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அப்படி ஒரு மௌனமான உலகம் எனக்கு வேண்டியதில்லை. எனக்குக் குசும்பு பிடிக்கும். அப்புச்சி இறந்த பிறகு நான் விடுமுறைக்குப் போனால் அமுச்சி அதே திண்ணையில் என்னோடு ஆடுபுலி ஆடும். அதற்குமுன் அது அந்தக் கட்டத்துப் பக்கம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எங்கே கற்றதோ, யாரிடம் ஆடிப் பார்த்ததோ. என்னை ஓட ஓட விரட்டும். ஆட்டத்தைவிட வாய்தான் பெரிது. "காலேசுல புலி கட்றதுக்கு ஒண்ணும் சொல்லித் தர்லியா? உம்பட புலி புல்லுத் திங்குது பாரு" என்று சொல்லிவிட்டு, பொக்கை வாய் முழுக்கச் சிரிக்கும். ஐம்பது வருடம் உள்ளே அடுப்படியில் உட்கார்ந்து திண்ணைப் பேச்சுக்கெல்லாம் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அந்த மாணவி இறுதியாண்டில் ஒருநாள் துறைக்கு வந்தாள். அன்று அவளிடம் நான் கேட்ட கேள்வி தவறு என்று சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. "அழிக்கலீங் மேம், இன்னும் விளையாடிட்டுத்தான் இருக்கறேன். இப்ப மைக் போட்டே ஆடறேன்" என்றாள்.

"திட்டறாங்களா?"

"திட்டறாங்க. நானும் திட்டறேன். ஆனா மேம், அவனுங்க அம்மாவ இழுக்காம திட்டறதுக்கு ஒரு வார்த்தை வேணும். நீங்க தமிழ்தானே, ஒண்ணு சொல்லுங்க."

நிகண்டுகளையெல்லாம் மனதில் புரட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் அமுச்சியின் புல் தின்னும் புலியைக் கொடுத்தேன். வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நல்லாருக்குதுங் மேம். ஆனா கொஞ்சம் நீளம். இதச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் என்னைச் சுட்டுருவான்."